அணிலும் சிட்டும் உறங்கும் வீடு

அக்டோபர் 20, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. வான்கூவரிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம். கடைசி அரை மணி நேரம் சாலையின் இரண்டு பக்கமும் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரர்களான ஹார்வி தம்பதி ஏப்ரல் வரை மெக்சிகோவில் வெயில் காய்வார்கள். அதுவரை வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், வாடகை கிடையாது. கோடையிலிருந்தே பூட்டிக் கிடந்த வீடாம்.

எங்களைப் பார்த்துவரும் டாக்டரம்மா இருவரையும் அவ்வப்போது ஏதாவது எழுதச் சொன்னார். எழில் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் இதில் பொய் இருக்காது என்று நம்புகிறேன்.

எதற்கு வந்தோம் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன். போன வருடம் ஜூலையில் எங்கள் மகள் இறந்துபோனாள். மூன்று மாதக் குழந்தை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள். பக்கத்தில் எழிலும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எழில் ஒழுங்காகத் தூங்கியதில்லை. இடம் மாறினால் தூக்கம் வரலாம் என்றார்கள்.

அக்டோபர் 23, புதன்

ரசத்துக்குத் தாளித்தேன். மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டதுதான் தாமதம், கூடத்துச் சுவரில் இருந்த, புகை கண்டால் கத்தும் வெள்ளைப் பெட்டி ஊரைக் கூட்டியது. எழில் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி போட்டு ஏறி, பெட்டியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி, துண்டில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். இந்த ஊரில் தமிழன் குடியேறும் எந்த வீட்டிலும் பால் காய்ச்சுவதற்கு முன்னால் நடப்பது இதுதான்.

ரசம் நன்றாக வந்தது. எழில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

அணில் வந்தது!

பின்பக்கத்து மரத்தளத்தின் கைப்பிடியில் உட்கார்ந்து எங்களை வேவு பார்த்தது. சிப்மங்க் என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, அணில்தான். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, இதற்கு ஐந்து. "ராமர் இங்க வந்தப்ப முழுக் கையாலயும் தடவிட்டாரு போல" என்றேன். எழில் சிரித்தாள். சிரித்ததை இங்கே குறித்துவைக்கிறேன்.

மதியம் ரூத் வந்தார். சாலை முனையில் இருக்கும் ஒரே அண்டைவீட்டுக்காரர். எழுபது வயதிருக்கும், குளிர்காலத்தில் பறவைக் கணக்கெடுக்கும் கூட்டத்தில் இருக்கிறார். தளத்தில் தொங்கும் சிவப்புக் குடுவையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொடுத்தார். அவர் கையை எடுப்பதற்குள் ஒரு குட்டிப் பறவை வந்து அந்தரத்தில் நின்று குடித்தது. ஹம்மிங்பேர்ட். எழிலுக்கு அது தேன்சிட்டு. "நம்ம தேன்சிட்டு கிளையப் பிடிச்சுக்கிட்டுதான் குடிக்கும். இது நிக்க இடமே கேக்கல" என்றாள்.

அணிலுக்கு வீட்டோரம் தீனி வைக்காதீர்கள், ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் கொண்டுபோய் அடைக்கும் என்று ரூத் சொன்னார். பொறி வேண்டுமென்றால் அவரிடம் இருக்கிறதாம். அணிலுக்குப் பொறியா? நல்ல கதை. தலையை ஆட்டி வைத்தோம். அவர் போனதும் எழில் ஒரு கை வேர்க்கடலையைக் கைப்பிடியில் பரப்பினாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். ரவா லட்டு என் கைவண்ணம், கல்லால் அடித்தாலும் உடையாது.

எழில் பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சின்னத் தலையணையை எடுத்தாள். அவள் அம்மா அருப்புக்கோட்டையில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தது. கொண்டுவந்திருப்பதே எனக்குத் தெரியாது. தையலைப் பிரித்து, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பிடியில் வைத்தாள். அணில் வந்து வாயில் திணித்துக்கொண்டு ஓடியது. திரும்பி வந்தது. மறுபடி திணித்துக்கொண்டது.

"எங்க வீட்டுல அணில் மெத்தையக் கடிச்சு பஞ்சு எடுக்கும். குட்டி போடப்போகுதுன்னு அம்மா விரட்ட மாட்டாங்க. அவங்களே ஜன்னல்ல கொஞ்சம் பஞ்சு வைப்பாங்க" என்றாள்.

முழுவதையும் கொடுத்துவிட்டாள். வெறும் உறையை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டாள். ஒரு குட்டிக்காவது அது உதவட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

நவம்பர் 6, புதன்

அணிலின் வளை எங்கே என்று துப்பறிந்தேன். வீட்டின் வடக்குச் சுவரோரமாகப் போய், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் புதருக்குள் மாயமாகிவிடுகிறது. அதற்குமேல் போக முட்செடி விடவில்லை. பெரிய உளவாளிதான் நான், பேண்ட் கிழிந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

அணிலை இரண்டு நாளாகக் காணோம். எழில் கவலைப்பட்டதால் ரூத்தை இஞ்சி டீக்கு அழைத்தேன். அது தூங்கப் போயிருக்கும் என்றார்.

பிறகு அவர் சொன்னதை எழில் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அணில், சிட்டு இரண்டுக்கும் உயிர்போனதுபோல் கிடக்கத் தெரியுமாம். சிட்டின் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவைக்க இடமில்லை. குளிர் அதிகமாகி வயிறும் காலியானால் அது தன் உடம்பை விளக்கைப்போல அணைத்துவிடும். நெஞ்சு அடிக்கிறதா, மூச்சு வருகிறதா என்றே தெரியாது. தொட்டால் சில்லென்றிருக்கும். விடிந்ததும் நடுங்கி நடுங்கிச் சூடேற்றிக்கொண்டு பறந்துவிடும். அணிலுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. கொட்டைகளைச் சேர்த்துவைத்துவிட்டு நாட்கணக்கில் அப்படியே கிடக்கும், நடுவில் எழுந்து கொஞ்சம் கொறித்துவிட்டு மறுபடியும் கிடக்கும், வசந்தத்தில்தான் வெளியே வரும். நம் ஊர் அணிலும் தேன்சிட்டும் இந்த வித்தையெல்லாம் படித்ததில்லை.

"அப்படிக் கிடப்பதற்கும் செத்துக் கிடப்பதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பீர்கள்?" என்று எழில் கேட்டாள்.

"காத்திருந்துதான்" என்றார் ரூத்.

எழில் அதற்குப் பிறகு டீயைத் தொடவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பனி கொட்டுகிறது. இதுவரை படுக்கையறையில் சின்னக் கரண்ட் ஹீட்டரை வைத்தே ஓட்டினேன். இன்று நிலவறைக்குப் போய்ப் பெரிய ஹீட்டரைப் போட்டுவிட்டேன். எரிவாயுவில் ஓடும் கிழட்டு இயந்திரம். கொஞ்சம் முக்கிவிட்டு எரிய ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் வீடு முழுக்க வெதுவெதுப்பு.

மதியம் சோபாவில் உட்கார்ந்திருந்த எழில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். மாலை வரை எழவில்லை. போர்வையைப் போர்த்திவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை மாதம் ஆயிற்று இதைப் பார்த்து! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு ஒரு கும்பிடு.

நவம்பர் 20, புதன்

தோசை மாவு இந்தக் குளிரில் மூன்று நாளானாலும் பொங்காது. ஹீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன், காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருந்தது.

எழில் நன்றாகத் தூங்குகிறாள். எனக்கும் மதியத்தில் கண் சொருகுகிறது.

மத்தியானம் சுவருக்குள் அணில் ஓடியது. டப் டப் டப் என்று நாலைந்து அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நாலைந்து அடி. தூங்கப் போன அணிலுக்குத் தூக்கம் வரவில்லை போலும். எங்கள் வீட்டுக்கு ஏற்ற அணில்.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் குடுவையில் சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலின் நகம் மட்டும் கம்பியைப் பிடித்திருந்தது. தொட்டேன், சில்லென்றிருந்தது, கண் மூடியிருந்தது. ரூத் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. புதைக்கலாம் என்று மண்வெட்டியை எடுத்துவிட்டேன்.

"பொறுங்க" என்றாள் எழில்.

ஸ்வெட்டரோடு பனியில் நின்று, இரண்டு கையையும் அதற்குக் கீழே ஏந்திக்கொண்டிருந்தாள். வெயில் மரத்துக்கு மேலே வந்தது. முதலில் தொண்டை துடித்தது. பிறகு உடம்பெல்லாம் நடுங்கியது. விர்ரென்று போயே போய்விட்டது.

எழில் கையை மடக்காமல் அப்படியே நின்றாள். "அன்னிக்கு நாம எவ்வளவு நேரம் பார்த்தோம்?" என்றாள்.

"என்னைக்கு?"

"ஆம்புலன்ஸ்காரங்க சொன்னாங்க. நாம சரின்னுட்டோம். நாம காத்திருக்கவே இல்லையே, சங்கர்."

குளிருது, உள்ளே வா என்றேன். வேறு என்ன சொல்வது? வேறு எதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 27, புதன்

தலைவலி. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல. திரையைப் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். அலுவலகத்தில் என் அறிக்கையையே பிழை என்று திருப்பி அனுப்பினார்கள், வெட்கக்கேடு.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. சாலையோரத் தபால் பெட்டி வரை நடந்துபோய், ஊரில் இருக்கும் என் பவுனக்காவிடம் போனில் பேசினேன். அக்கா எடுத்த எடுப்பிலேயே, "டேய் சங்கரா, குடிச்சிருக்கியாடா?" என்றாள்.

"இல்லக்கா."

"பின்ன ஏன் நாக்கு இப்படிக் குழறுது? எழில் எப்படி இருக்கா?"

"தூங்குறாக்கா. நல்லாத் தூங்குறா. கன்னமெல்லாம் சிவந்து, பார்க்கவே நல்லா இருக்கா."

"தூக்கம் சரி, சாப்பிடுறாளா? எந்நேரமும் தூங்குனா அது என்னடா தூக்கம்?" என்று அதட்டினாள். அக்காவுக்கு எதிலும் குறை. ஆனால் அவளிடம் பேசி முடிப்பதற்குள் தலைவலி போய்விட்டது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தது.

நவம்பர் 29, வெள்ளி

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. எப்போது வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

எழில் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் நிறுத்திவிட்டாள். தரையில் ஒரு சின்னத் தட்டில் பருப்புச் சோறு, நெய் விட்டுக் குழையப் பிசைந்திருந்தது. அணிலுக்காக இருக்கும்.

அணில் இப்போது சுவருக்குள் இல்லை, கூடத்திலேயே ஓடுகிறது. எங்கே நுழைகிறது என்று தெரியவில்லை. எழில் சத்தம் வரும் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள், பார்வை மேசையின் உயரத்துக்குக் கீழேயே போகிறது. கொலுசுச் சத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. இது சினிமா இல்லை. வெறும் காலில் யாரோ புதிதாக நடை பழகினால் கேட்கும் சத்தம், அவ்வளவுதான். அணில்.

இருந்திருந்தால் இப்போது நடப்பாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

கடும் குளிர். குடுவை உறைந்துவிட்டது. தளத்தில் இரண்டு சிட்டுகள் விறைத்துக் கிடந்தன, ஒன்று கைப்பிடியில், ஒன்று தரையில். கைப்பிடியில் இருந்ததை அப்படியே விட்டோம். தரையில் கிடந்ததைப் பூனை தூக்கிவிடும் என்று எழில் உள்ளே கொண்டுவந்துவிட்டாள். செருப்பு அட்டைப்பெட்டியில் துணி விரித்து, நிலவறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில், மாவுப் பாத்திரத்தை ஒட்டி வைத்தோம். அங்கேதான் நல்ல சூடு. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது, நான் துளித்துளியாக விட்ட சர்க்கரைத் தண்ணீரையும் குடித்தது. மகா வித்தைக்காரன்!

டிசம்பர் 4, புதன்

வெளியே இருந்த சிட்டு காலையில் பறந்துவிட்டது. உள்ளே இருப்பது மறுபடியும் கிடக்கிறது.

"எழுந்துரும். காத்திருக்கணும்" என்றாள் எழில். காப்பியைக் குடிக்காமல் சோபாவுக்குப் போய்த் தூங்கிவிட்டாள்.

வாந்தி வருவதுபோல் இருக்கிறது. கணினிக்கு முன்னால் எவ்வளவு நேரம் தலையைச் சாய்த்துக் கிடந்தேனோ தெரியாது. டப் டப் டப். நாற்காலி வரை வந்து நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அணில் பயந்து ஓடிவிடும் என்றுதான் திரும்பவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

மருத்துவமனை. நேற்று நடந்ததை எழுதுகிறேன். இப்போது தலை தெளிவாக இருக்கிறது.

நேற்றுக் காலையும் பெட்டிக்குள் இருந்த சிட்டு எழவில்லை. ரூத்திடம் கேட்கலாம் என்று தபால் பெட்டிக்கு நடந்தேன். வழியில் இரண்டு முறை விழுந்தேன். சிட்டு ஒரு பகலும் இரவும் தூங்குகிறது, இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று போனில் கேட்டேன்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார். ஹீட்டர் பக்கத்தில் என்றேன்.

"சூட்டில் அது அப்படித் தூங்காது, சங்கர். குளிரும் பசியும்தான் அதைப் படுக்கவைக்கும். நீங்கள் சூடும் கொடுத்து, தீனியும் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே நிரலை இரண்டு இயந்திரத்தில் ஓட்டி, ஒன்று மட்டும் படுத்துவிட்டால், நிரலைக் குறை சொல்லக் கூடாது. இயந்திரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு சிட்டும் ஒரே ஜாதி, ஒரே நாளில் விறைத்தவை. பனியில் கிடந்தது எழுந்துவிட்டது. வீட்டுக்குள் வந்தது எழவில்லை. அப்படியென்றால் கோளாறு சிட்டில் இல்லை, வீட்டில். அதே வீட்டில் எழிலும் தூங்கிக்கொண்டிருந்தாள், கன்னம் சிவக்க. நான் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

ரூத் அதற்குள் கத்திக்கொண்டிருந்தார், அவளை வெளியே இழு, இப்போதே இழு என்று.

ஓடினேன் என்று எழுத ஆசை. தடுமாறித் தடுமாறித்தான் போனேன். முன்கதவு, பின்கதவு, எல்லா ஜன்னலையும் திறந்தேன். எழிலை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் துணிமூட்டைபோலத் தொங்கினாள். வாசலருகே வந்ததும் கண் விழித்துக் கதவுநிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவள விட்டுட்டுப் போறீங்க, அவளையும் தூக்குங்க" என்று அலறினாள். விரல் விரலாகப் பிரித்தேன். படியில் இரண்டு பேரும் உருண்டு பனியில் விழுந்தோம். ரூத்தின் கார் வரும்வரை அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், விட்டால் உள்ளே போய்விடுவாள் என்ற பயத்தில்.

டிசம்பர் 7, சனி

ஹீட்டர்காரர் பார்த்துவிட்டார். அந்த வெள்ளைக் குழாய்தான் ஹீட்டரின் நச்சுக் காற்று வெளியேறும் வழி. அது அடைத்துக்கொண்டதில் காற்று வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, தூக்கம், குழப்பம், கடைசியில் எழாத தூக்கம். இன்னும் இரண்டொரு நாள் போயிருந்தால் என்று சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். நான் துண்டில் சுற்றி இழுப்பறைக்குள் போட்ட வெள்ளைப் பெட்டி புகைக்கு மட்டும் கத்துவதில்லையாம். இந்தக் காற்றுக்கும் கத்தும் பெட்டியாம் அது.

குழாயை அடைத்திருந்ததைப் படம் எடுத்துக் காட்டினார். பாசி, வேர்க்கடலைத் தோல், அதற்குமேல் வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு. நடுவில் அணில், வாலைச் சுருட்டிக்கொண்டு. நாங்கள் ஹீட்டரைப் போட்ட முதல் நாளிலேயே தூக்கத்தில் செத்திருக்கும் என்றார். காய்ந்து சருகாகிவிட்டதாம்.

படத்தை எழிலிடம் காட்டவில்லை.

ஹீட்டரைப் போட்டது நவம்பர் 17. சுவருக்குள் அணில் ஓடியதாக நான் முதலில் எழுதியது 20-ஆம் தேதி.

டிசம்பர் 9, திங்கள்

வான்கூவரில் நண்பன் வீட்டுக்கு வந்துவிட்டோம். பக்கத்து அறையில் இருக்கிறான், நல்லவன், எதுவும் கேட்பதில்லை. எழில் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தூங்கவும் இல்லை. இன்று மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "கதவ ஏங்க திறந்தீங்க?" என்றாள்.

"திறக்காம இருந்திருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம், எழில்."

"அது எனக்குத் தெரியும். நான் அதக் கேக்கல." மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "நடக்க ஆரம்பிச்சிருந்தா. முதல்ல சுவத்தப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம் கூடத்துல தனியா. சோறு வச்சா கிட்ட வந்து நிப்பா. நீங்க எல்லாத்தையும் திறந்துவிட்டதும் படியிறங்கிப் போயிட்டா. அந்தப் பனியில. மேல ஒண்ணுமே போடாம."

அந்தக் காற்று மூளைக்குப் போனால் இல்லாததெல்லாம் தெரியும், கேட்கும் என்று டாக்டர் எனக்கு விளக்கியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றேன்.

எழில் நிமிர்ந்து பார்த்தாள். போன வருடம் ஜூலைக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இந்த நோட்டில் பொய் இருக்காது என்று முதல் நாள் எழுதினேன். நான் அணில் என்று எழுதிய சத்தம் எதுவும் அணிலின் சத்தம் இல்லை. முதல் நாள் கேட்டபோதே எனக்குத் தெரியும். நாலைந்து அடி வைத்து, சமாளித்து நின்று, மறுபடி நாலைந்து அடி வைக்கும் அணில் உலகத்தில் கிடையாது. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றபோது திரும்பிப் பார்க்காததற்குக் காரணம், திரும்பினால் ஒன்றும் இருக்காதே என்ற பயம். எழிலை இழுத்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டபோது என் முழங்காலை ஒன்று உரசிக்கொண்டு வெளியே போனது. வெதுவெதுவென்று இருந்தது.

அல்லி. பெயரை எழுதிவிட்டேன். இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதோம். நண்பன் கதவைத் தட்டிவிட்டு, பதில் வராததால் போய்விட்டான்.

டிசம்பர் 13, வெள்ளி

எழில் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஆனால் பேசுகிறோம். அல்லிக்கு இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருக்கும். அதை இவ்வளவு நாளும் இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிசம்பர் 15, ஞாயிறு

ரூத் அழைத்தார். ஹார்விகளின் சொல்படி குழாயை மாற்றி, வலை அடித்து, வீட்டைப் பூட்டியாகிவிட்டது. ஹீட்டரையும் அணைத்தாயிற்று, காற்றையும் கருவி வைத்துச் சோதித்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது. பெட்டியில் செத்திருந்த சிட்டைப் புதருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டாராம். மற்றச் சிட்டு தினமும் வருவதால் குடுவையை அவர்தான் நிரப்புகிறார்.

வைக்கும் முன்னால் ஒன்று சொன்னார். நேற்று மதியம் தளத்தில் நின்றிருந்தபோது வீட்டுக்குள் ஏதோ ஓடும் சத்தம் கேட்டதாம். கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடியதாம்.

"இன்னொரு அணில் புகுந்துவிட்டது போலிருக்கிறது" என்றவர், உடனே தானே, "ஆனால் இந்த மாதத்தில் அவை தூங்குமே" என்றார்.

"ஆமாம், தூங்கும்" என்றேன்.

எழிலிடம் சொல்லவில்லை. எங்கள் சாமான்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, சனிக்கிழமை நான் மட்டும் போய் எடுத்துவருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் தனியாகப் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நாள் முழுக்க நண்பனின் பழைய மெத்தை ஒன்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் 20, வெள்ளி

நாளைக் காலையில் கிளம்புகிறேன். போனதும் முதல் வேலை, எல்லா ஜன்னலையும் திறப்பது. இழுப்பறையில் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கிவைத்திருக்கிறேன். பெட்டி கத்தாமல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கூடத்தில் உட்காருவேன். இந்த முறை சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

எழில் என் பைக்குள் எதையோ வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். அந்தச் சின்னத் தலையணை உறை, புதிதாகப் பஞ்சு அடைத்து, நாலு பக்கமும் தைத்திருந்தது. அதற்கு அடியில் ஒரு குட்டிக் கம்பளிச் சட்டை, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆகும் அளவு. அது எப்போது வாங்கியது என்று நான் கேட்கவில்லை.

"காத்திருந்து பாருங்க. அவசரப்பட்டுக் கிளம்பிடாதீங்க" என்றாள்.

சரி என்றேன்.